மலப்போக்கு மாறும்போது எழும் அச்சத்துக்கு ஆலோசனை வேண்டும்
அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் வசிக்கும் எனக்கு ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறு இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்துள்ளார். சில நாள்கள் மலச்சிக்கல், பிறகு திடீரென்று வயிற்றுப்போக்கு என மாறும்போதெல்லாம், இது புற்றுநோயாக மாறாது என்று அறிந்திருந்தும் மனம் கலங்கிவிடுகிறது. அந்தக் கலக்கமே குடலை மேலும் முடுக்கிவிடுகிறது. நாகர்கோவில் பேருந்தில் ஏறும் முன்பே, வழியில் எங்கெங்கே கழிப்பறை உண்டு என்றுதான் நினைவு ஓடுகிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை வந்தால் தாமதிக்கக் கூடாது என்பது தெரியும். எனக்கு அவை இல்லை. வெங்காயம், பூண்டைக் குறைத்ததில் வயிற்று உப்புசம் தணிந்தது, அச்சம் தணியவில்லை. இக்கோளாறோடு வாழ்பவர்கள் அத்தகைய நாள்களில் மனத்தை எவ்வாறு நிலைப்படுத்துகிறீர்கள்? மூச்சுப் பயிற்சியோ மனநல ஆலோசனையோ உதவியதா? நம் மாவட்டத்தில் இதைப் பொறுமையாகக் கேட்கும் ஆலோசகர் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.