நர்ஸ் ப்ராக்டிஷனர் மாஸ்டர்ஸ்: எந்த ப்ரோக்ராம் எடுக்கலாம்? மலையகத்துல இருந்து கேக்குறேன்

கொட்டகலை_நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரில ஐ.சி.யூ. நர்ஸ். கண்டி நர்சிங் ஸ்கூல்ல டிப்ளோமா, அப்புறம் வேலை செஞ்சுகிட்டே ஓப்பன் யுனிவர்சிட்டில பி.எஸ்.சி. முடிச்சேன். அம்மா அப்பா தோட்டத்துல தான் வேலை, இப்பவும் லயத்துல தான் இருக்கோம். நர்ஸ் ப்ராக்டிஷனர் மாஸ்டர்ஸ் செய்யணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. எங்க தோட்டத்துல சுகர், பிரஷர் உள்ளவங்க கிளினிக்குக்கு போனா அன்னைக்கு பேர், அதாவது நாள் சம்பளம், போயிடும், பஸ்ஸுக்கும் காசு வேணும், அதனால மாத்திரைய பாதில நிறுத்திடுறாங்க, கடைசில ஸ்ட்ரோக் வந்து எங்க வார்டுக்கு தூக்கிட்டு வர்றாங்க. அந்த நிலைமைக்கு வர்றதுக்கு முன்னாடியே அவங்கள பாத்து மருந்து எழுதி குடுக்குற ஆளா நான் இருக்கணும்.

இப்போ கையில மூணு வழி இருக்கு. கொழும்பு ஏஜென்சி ஒண்ணு அமெரிக்க யுனிவர்சிட்டில ஆன்லைன்லயே செய்யலாம், வீட்ட விட்டு போகத் தேவையில்லன்னு சொல்றாங்க. ஆஸ்திரேலியால சித்தி மக இருக்கா, அங்க வான்னு கூப்பிடுறா. தமிழ்நாட்டுல கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் ப்ராக்டிஷனர் கோர்ஸ் இருக்குன்னும் கேள்விப்பட்டேன். அம்மாவோட நகை தான் ஃபீஸுக்கு இருக்குற ஒரே வழி, அதனால யோசிக்காம காச கட்ட முடியாது. எந்த யுனிவர்சிட்டி நல்லதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதுளைக்காரி_மெல்பர்ன்:
தங்கச்சி, யுனிவர்சிட்டி பேர பாக்குறத கொஞ்சம் தள்ளி வைங்க. எந்த நாட்டு லைசென்ஸ் வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஏன்னா நர்ஸ் ப்ராக்டிஷனர்ங்கிறது பட்டம் மட்டும் இல்ல, அந்தந்த நாட்டு நர்சிங் சபை குடுக்குற அதிகாரம்.

இங்க ஆஸ்திரேலியால நேரா வந்து நர்ஸ் ப்ராக்டிஷனர் மாஸ்டர்ஸ்ல உக்கார முடியாது. முதல்ல சாதாரண நர்ஸா பதிவாகணும், உங்கள மாதிரி வெளிநாட்டுல படிச்சவங்க பலருக்கு என்க்ளெக்ஸ் பரீட்சையும் அடிலெய்டுல நேர்ல செய்ற ஓஸ்கிங்கிற செய்முறை பரீட்சையும் இருக்கு. அதுக்கப்புறம் நர்சிங் போர்டு கேக்குறது, கடைசி 6 வருஷத்துக்குள்ள அட்வான்ஸ்ட் நிலையில 5000 மணித்தியால வேலை, அதாவது முழு நேரமா 3 வருஷம், அதோட அவங்க அங்கீகரிச்ச மாஸ்டர்ஸ். இது நீண்ட பாதை தான், அத மறைக்க விரும்பல. ஆனா முடிச்சா கிடைக்குறது பெரிய விஷயம். 2010ல இருந்து இங்க நர்ஸ் ப்ராக்டிஷனர் நோயாளிய பாக்குறதுக்கு மெடிகேர், அதாவது அரசாங்க மருத்துவ காப்புறுதி, காசு குடுக்குது, 2024 நவம்பர்ல இருந்து டாக்டரோட ஒத்துழைப்பு ஏற்பாடு கட்டாயம்ங்கிற சட்டத்தையும் எடுத்துட்டாங்க. டாக்டர் போகாத கிராமங்கள்ல ஒரு நர்ஸ் ப்ராக்டிஷனர் இருந்தா அந்த ஊர் சனங்களுக்கு எவ்வளவு நிம்மதின்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஹட்டன்_டெக்சாஸ்:
அந்த ஏஜென்சிக்கு ஒரு சதமும் கட்டாதீங்க தங்கச்சி. அமெரிக்கால ஆன்லைன் ப்ரோக்ராம் நிறைய இருக்கு, அது உண்மை, ஆனா ஆன்லைன்ல நடக்குறது பாடம் மட்டும் தான். கிளினிக்கல் பயிற்சிய நேர்ல, நோயாளிகளோட செய்யணும், 2022ல வந்த தர விதிப்படி குறைஞ்சது 750 மணித்தியாலம். அதுக்கு முன்னாடியே அமெரிக்க ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் கையில வேணும். கொட்டகலைல உக்காந்து இத முடிக்கலாம்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

உங்க கேள்வில இன்னொரு விஷயம் இருக்கு, யாரும் இன்னும் தொடல. நீங்க ஐ.சி.யூ. நர்ஸ், அதனால எல்லாரும் உங்கள அக்யூட் கேர், அதாவது ஆஸ்பத்திரில கடுமையா முடியாதவங்கள பாக்குற பக்கம் தான் தள்ளுவாங்க. ஆனா நீங்க எழுதினது பிரஷர், சுகர், தோட்டத்து சனங்க, அது ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர் வேலை. இங்க படிக்கிற பிரிவு தான் லைசென்ஸ். வயது வந்தவங்களோட அக்யூட் கேர் படிச்சவர் குழந்தைய பாக்க முடியாது, பிறகு மாத்தணும்னா திரும்ப கிளினிக்கல், திரும்ப பரீட்சை. கைக்கு பழகின வேலைய வச்சு பிரிவ எடுக்காதீங்க, இனி யாரை பாக்கப் போறீங்கன்னு யோசிச்சு எடுங்க. இந்த படிப்பு 1965ல கொலராடோல லொரெட்டா ஃபோர்டும் ஹென்ரி சில்வரும் ஆரம்பிச்சதே டாக்டர் இல்லாத இடத்து பிள்ளைங்களுக்காக தான்.

ப்ரோக்ராம எடுக்கும்போது கட்டாயம் கேக்க வேண்டிய ஒண்ணு: கிளினிக்கலுக்கு பயிற்சி குடுக்குற ஆள அவங்களே தேடித் தர்றாங்களா, இல்ல மாணவரே தேடணுமா. நிறைய இடத்துல நம்மளயே தேட விட்டுடுவாங்க, புதுசா வந்த நாட்டுல யாரையும் தெரியாம கிளினிக் கிளினிக்கா கெஞ்சுறது எவ்வளவு கஷ்டம்னு என் கூட படிச்சவங்கள பாத்து தெரியும், சிலருக்கு அதனாலயே ஒரு செமஸ்டர் தள்ளிப் போச்சு. நர்சிங் படிப்புகளோட தரத்த பாக்குற சி.சி.என்.இ. இல்லன்னா ஏ.சி.இ.என். அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னும் பாருங்க, இல்லாத இடத்த விட்டுடுங்க. டாக்டரேட் எடுத்தா தான் ஆகும்னு சொல்வாங்க, மாஸ்டர்ஸோடயும் பரீட்சை எழுதலாம். மாநிலத்துக்கு மாநிலம் அதிகாரமும் வேற, நான் இருக்குற டெக்சாஸ்ல டாக்டரோட ஒப்பந்தம் இல்லாம மருந்து எழுத முடியாது.

ஓய்வு_இஎம்ஏ:
மகள், நான் தோட்டத்து ஆஸ்பத்திரில ஈ.எம்.ஏ.வா, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளரா, இருந்து ஓய்வு எடுத்தவன். உங்க எண்ணத்துக்கு முதல்ல என் வாழ்த்து. ஆனா ஒரு உண்மைய சொல்லணும். இலங்கைல நர்ஸ் ப்ராக்டிஷனர்னு தனி பதிவு கிடையாது. நீங்க எந்த நாட்டுல படிச்சு வந்தாலும், இங்க வந்தா நர்ஸா தான் வேலை, சொந்தமா மருந்து எழுத சட்டம் இடம் குடுக்காது. அந்த காலத்துல அப்போத்திக்கரிமார் எத்தனை ஊர காப்பாத்தினாங்க, டாக்டர் பட்டம் இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்குற அதிகாரம் குடுக்குறது இந்த நாட்டுக்கு புதுசு இல்ல, நர்ஸுக்கு மட்டும் அந்த கதவ இன்னும் திறக்கல. இது எனக்கு ரொம்ப வருத்தம். டிக்கோயாவுல இந்தியா உதவில கட்டின 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017ல திறந்தாங்க, நல்ல விஷயம், ஆனா தோட்டத்து மேல் டிவிஷன்ல இருக்குற பாட்டிக்கு அங்க இறங்கி வர்றதே பெரும்பாடு.

தமிழ்நாட்டு கோர்ஸ பத்தி யாரும் சொல்லல. இந்திய நர்சிங் கவுன்சில் ஆரம்பிச்ச 2 வருஷ ரெசிடென்சி அது, அதாவது ஆஸ்பத்திரில வேலை செஞ்சுகிட்டே படிக்கிறது, முழுக்க கிரிட்டிக்கல் கேர். ஐ.சி.யூ. வேலைல ஆழமா போகணும்னா அருமை, மொழியும் நம்ம மொழி. தோட்டத்து கிளினிக் தான் குறின்னா அது வேற திசை.

கொட்டகலை_நர்ஸ்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, ஐயா. இங்க பதிவே இல்லங்கிறத படிச்சதும் நெஞ்சு அடைச்சுது, ஆனா இப்பவே தெரிஞ்சது நல்லது. ஏஜென்சிய விட்டாச்சு. வெளிநாட்டுல முழு அதிகாரத்தோட கொஞ்ச வருஷம் வேலை செஞ்சு, இந்த கதவு இங்க திறக்குற நாள்ல அத நடத்த தெரிஞ்ச ஆளா வரணும்னு நினைக்கிறேன். ஆஸ்திரேலியா பக்கம் மனசு போகுது, பிரிவு ப்ரைமரி கேர் தான், ஐ.சி.யூ. இல்ல. அக்கா, லீவு விஷயம் என்ன, இப்பவே என்ன சேத்து வைக்கணும்?

பதுளைக்காரி_மெல்பர்ன்:
நல்ல முடிவு தங்கச்சி. வேலைய விட்டுட்டு வராதீங்க. 2022ல அரசாங்க ஊழியர்களுக்கு 5 வருஷம் வரைக்கும் சம்பளமில்லாத லீவுல வெளிநாடு போக சுற்றறிக்கை வந்துச்சு, நர்ஸுக்கு இப்போ எப்படின்னு உங்க நிர்வாகத்துல எழுத்துல கேட்டு வாங்குங்க, பொண்ட் (கட்டாய சேவைக் காலம்) மிச்சம் இருக்கான்னும் பாத்துக்குங்க. ஐ.சி.யூ.ல இருந்து மெடிக்கல் கிளினிக் பக்கம் மாற வழி இருந்தா இப்பவே கேளுங்க, ப்ரைமரி கேர்னு பிறகு சொல்றப்ப அந்த அனுபவம் பேசும். மார்க்ஸ் ஷீட்டும், தியரி எத்தனை மணித்தியாலம் ப்ராக்டிகல் எத்தனை மணித்தியாலம்னு போட்ட கடிதமும் இங்க பதிவுக்கு கேப்பாங்க, கண்டிக்கு போறப்ப நர்சிங் ஸ்கூல்ல டிப்ளோமாவுக்கு வாங்கிடுங்க, ஓப்பன் யுனிவர்சிட்டில பி.எஸ்.சி.க்கு தனியா எழுதிப் போடுங்க. ரெண்டு இடத்துலயும் தர்றதுக்கு மாசக் கணக்கா ஆகும், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கில பரீட்சை வகுப்புக்கு போறதுக்கு முன்னாடியே அத கேட்டு வச்சிடுங்க.