[கலைச்சொல்] 'டீபிரிஸ்கிரைபிங்' – தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தஞ்சாவூர் (பயிற்சி ஏடு தொகுப்பு):

அனைவருக்கும் வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கு ஒருநாள் தொடர்கல்வி வகுப்பு. பொருள்: முதியவர்களின் மருந்துகள். 2015ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை ஒழுங்குமுறைகள் வந்தபிறகு பதிவைப் புதுப்பிக்கப் புத்தாக்கப் பயிற்சி தேவைப்படுகிறது. கிடைக்கிற பாடமெல்லாம் ஆங்கிலத்தில்; மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாட்டியிடம் பேசுவதோ தமிழில். அதனால் ஏட்டைத் தமிழிலேயே கொண்டுவருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

'பாலிஃபார்மசி'க்குப் 'பன்மருந்து' போட்டுவிட்டேன். ஒருவரே ஐந்தும் அதற்கு மேலும் மருந்து சாப்பிடுவது என்று அடிக்குறிப்பு இருக்கிறது. அதில் யாருக்கும் தடையிருக்காது என நினைக்கிறேன்.

'டீபிரிஸ்கிரைபிங்'தான் நிற்கிறது. 2003இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கட்டுரைத் தலைப்பில் வந்து பரவிய சொல். பொருள் இது: பலன் முடிந்துபோன, அல்லது பலனைவிடத் தீங்கு மிஞ்சிவிட்ட மருந்தை, மருத்துவர் பொறுப்பில், திட்டமிட்டு, அளவைக் குறைத்தோ அடியோடு நிறுத்தியோ எடுத்துவிட்டு, பின்னால் என்ன ஆகிறது என்று கவனிப்பது. நான்கு பகுதியும் சொல்லுக்குள் அடங்காவிட்டாலும், எதையும் மறுக்காமல் இருக்க வேண்டும். 'மருந்து நிறுத்தம்' என்று எழுதிப் பார்த்தேன். படித்தவர் நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். எழுத முடியாது.

மயிலாடுதுறை (மொழிபெயர்ப்பு):

அம்மா, வணக்கம். வேரிலிருந்து போவோம்.

பிரிஸ்கிரைப் என்பதற்கு நாம் ஆளும் 'பரிந்துரை' சாதாரணச் சொல்லில்லை. பரிந்து உரைப்பது. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். அதே பரிதலுக்குப் பழைய வழக்கில் அறுதல், அறுத்தல் என்ற பொருளும் உண்டு. அன்பும் அறுப்பும் ஒரே வேரில் நிற்பது வேறெந்த மொழியில் கிடைக்கும்? 'மருந்துப் பரிவு' என்றால் அக்கறையோடு அறுத்தல் என்று இரண்டும் வந்துவிடும்.

இது வழக்கில் ஏறாது என்பீர்களானால் 'மருந்து களைதல்' வைக்கலாம். களைவது நம் மண்ணின் வினை. 'பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்ற குறளை விளக்கவே வேண்டாம். பயிரைக் காக்கவே களை எடுக்கிறோம், பயிரைப் பிடுங்குவதில்லை. பொருள் அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று. ஏட்டில் 'மருந்தாளுநர்' என்றே வரட்டும், மறுப்பில்லை. ஆனால் முன்னுரையிலாவது 'உழைச்செல்வான்' இடம்பெற வேண்டும். உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று வள்ளுவர் நான்காகப் பகுத்தபோது நான்காமவரை நோயாளியின் பக்கத்தில் இருக்கும் ஏவலர் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்று பரிமேலழகர் கொள்கிறார். மருந்தாளுநரின் வேலை அதுதானே.

கும்பகோணம் (மருந்தாளுநர்):

உழைச்செல்வானை முன்னுரையில் போடுங்கள், எனக்கும் மகிழ்ச்சி. 'களைதல்' மட்டும் வேண்டாம் ஐயா. இந்த மாவட்டங்களில் 'மருந்து' என்றால் முதலில் வயல்தான். 'மருந்தடிச்சாச்சா' என்றால் பூச்சிமருந்து. 'மருந்து குடிச்சுட்டார்' என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். 'மருந்து'க்குப் பக்கத்தில் 'களை' வந்தால் களைக்கொல்லி என்றுதான் காதில் விழும். உடம்புக்குச் சாப்பிடுவதை இங்கே எல்லாரும் 'மாத்திரை' என்பார்கள்.

சொல் எதுவானாலும் பாடத்தில் இந்த வரிசை கட்டாயம் வர வேண்டும். நம் கடைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது:

தலைசுற்றலுக்குச் சின்னரிசின். அது அதுபாட்டுக்கு மாதக்கணக்கில் ஓடுகிறது. கை நடுங்குகிறது, நடை குறுகுகிறது. நடுக்கவாதம் என்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்கிறது. அதனால் வாய் உலர்கிறது, மலம் கட்டுகிறது, மறதி கூடுகிறது. பிராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்கிறது. மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ், மறதிக்கு டோனெபிசில், ஆக நான்கு மருந்து. முதலாவதை நிறுத்தலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் மற்ற மூன்றும் வந்திருக்காது. இரைப்பைக்கு என்று கொடுக்கும் ரேபெப்ரசோல் – லெவோசல்பிரைடு கூட்டு மாத்திரையும் இதே நடுக்கத்தைக் கொண்டுவரும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபினால் கால் வீங்கி, வீக்கத்துக்கு நீர் பிரிக்கும் ஃப்ரூஸிமைடு கொடுத்து, பொட்டாசியம் இறங்குவது இன்னொரு வரிசை.

சீட்டைப் பார்த்ததும் 'எது முதலில் வந்தது' என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். குறைக்கத் தொடங்குவது அங்கிருந்துதான். சின்னரிசினை நிறுத்தினாலும் நடுக்கம் அடங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதைச் சொல்லாவிட்டால் குடும்பம் பத்தே நாளில் பழைய மாத்திரைக்குத் திரும்பிவிடும்.

தஞ்சாவூர்:

அந்த வரிசைக்கு 'மருந்துத் தொடர்விளைவு' என்று போடுகிறேன். சுருக்கமாக முடிந்தது. மற்றதற்கு வாருங்கள்.

மன்னார்குடி (தமிழாசிரியர்):

> உடம்புக்குச் சாப்பிடுவதை இங்கே எல்லாரும் 'மாத்திரை' என்பார்கள்

சொல் இந்த வரியிலேயே கிடைத்துவிட்டது. மாத்திரை என்றால் அளவு. கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம். ஒலி தன் அளவில் குறைவதற்கு நம் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது: குறுக்கம். ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம், ஆய்தக் குறுக்கம். குறுக்கத்தில் எழுத்து ஒழிவதில்லை, இடம் நோக்கி அளவு குறைகிறது. குற்றியலுகரம் ஒன்றிலிருந்து அரையாகிறது. மகரம் அரையிலிருந்து காலாகிறது.

ஆகவே 'மாத்திரைக் குறுக்கம்'. ஓரிடத்தில் ஒரு மாத்திரை ஒலிக்கும் உகரம் இன்னோரிடத்தில் அரை மாத்திரை. நாற்பது வயதில் முழு மாத்திரை, எண்பதில் அரை. சார்ந்து நிற்கும் இடம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. பள்ளியில் படித்த யாருக்கும் இச்சொல் புதிதில்லை.

திருவாரூர் (மருத்துவமனை மருந்தாளுநர்):

மன்னார்குடி ஐயாவின் அரை, கால் கணக்கு பாடத்துக்கே நேரடியாக உதவும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலினின் உச்ச அளவு, சிறுநீரக வடிதிறன் (நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்பது) 60க்குக் கீழே போனால் பாதி, 30க்குக் கீழே கால். 600, 300, 150 மி.கி.

வடிதிறனைக் கடையிலேயே கணக்கிடலாம். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72ஐ ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் (தசைக் கழிவுப்பொருள்) அளவால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்ணானால் 0.85ஆல் பெருக்க வேண்டும். 78 வயது, 48 கிலோ, கிரியாட்டினின் 1.2 உள்ள பாட்டிக்கு 29 வரும். ரிப்போர்ட்டில் 1.2 கிட்டத்தட்டச் சரியாகத் தெரியும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். சதை வற்றிய உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால் எண் நல்லதாகக் காட்டுகிறது. இந்த ஒரு கணக்குக்காகவே வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

தூக்க மாத்திரையை இறக்குவதும் அப்படித்தான். கனடா நாட்டு வழிகாட்டுதல்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு, கடைசிக் கட்டத்தில் முடிந்தால் அரைக்கால் பங்கு. அல்பிரசோலம் 0.5இல் அரைக்கால் பங்கு என்பது 0.25 மாத்திரையில் கால் துண்டு. நகத்தால் கிள்ளினால் பொடியாகும். மாத்திரை வெட்டி வேண்டும். இரைப்பை அமிலத்துக்குக் கொடுக்கும், குடலில் கரையும் பூச்சுப் போட்ட பான்டப்ரசோலை உடைக்கவே கூடாது. 40க்குப் பதில் 20 வாங்கித் தர வேண்டும்.

ஆனால் 'மாத்திரைக் குறுக்கம்' தலைப்புக்கு ஆகாது. இன்சுலின் மாத்திரையில்லை. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டுமருந்தும் மாத்திரையில்லை; ஆனால் நாடித்துடிப்பைக் குறைத்துப் பெரியவரைக் கீழே விழவைக்கும், அதையும் மறுபார்வை பார்க்க வேண்டும். தவிர, வால்வுக் குறுக்கம், நாளக் குறுக்கம் என்று மருத்துவத்தில் 'குறுக்கம்' ஏற்கெனவே நோயின் பெயராகிவிட்டது.

மன்னார்குடி:

கால், அரைக்கால், அதற்குக் கீழே மாகாணி, பதினாறில் ஒன்று. கீழ்வாய் இலக்கத்தை (பின்னக் கணக்கை) தெரிந்த தலைமுறைக்கு 12.5 விழுக்காடு என்று எழுதாமல் அரைக்கால் என்றே எழுதுங்கள். அந்தத் தலைமுறைதான் உங்கள் நோயாளி.

இன்சுலின் தடை வலுவானது. எனினும் சினைப்பெயர் முதலுக்கு ஆகிவருவது நமக்குப் புதிதில்லை.

மயிலாடுதுறை:

மாத்திரை வடசொல் வழி வந்தது என்போர் உண்டு. தொல்காப்பியத்திலேயே ஆளப்பட்டிருப்பதால் அதை விட்டுவிடலாம். ஆனால் 'குறைப்பு' என்று மட்டும் போய்விடாதீர்கள். விலைக்குறைப்பு, ஆட்குறைப்பு என்று செய்தித்தாள் அதைத் தேய்த்துவிட்டது. 'மருந்துக் குறைப்பு' என்று சுவரில் ஒட்டினால் தள்ளுபடி என்று வருவார்கள். 'மருந்து விலக்கு' என்றால் மதுவிலக்கு நிழலாடும். 'தணிப்பு' நோய்த்தணிப்புச் சிகிச்சைக்குப் போய்விட்டது. உயிர் பிரியும் நிலை என்று வீட்டார் அஞ்சுவார்கள்.

தஞ்சாவூர்:

இடையில் ஒரு சின்ன விஷயம். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லிச் சரிபார்ப்பதை அமெரிக்காவில் பழுப்புப்பைச் சோதனை என்கிறார்கள். 'மஞ்சப்பைச் சோதனை' என்று போடலாமா?

கும்பகோணம்:

போடுங்கள், இன்றைக்கே அச்சடிக்கலாம். பையில் என்ன தேட வேண்டும் என்பதையும் சேருங்கள். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் வருகிறது. தனியார் மருத்துவர் சீட்டில் கிளிமிபிரைடு – மெட்ஃபார்மின் கூட்டு மாத்திரை இருக்கும். பெயரும் அட்டையும் வேறு, உள்ளே மெட்ஃபார்மின் இரண்டு தடவை. அட்டையின் பின்பக்கம் உப்புப் பெயரை (உள்ளிருக்கும் மருந்துப்பொருளின் பெயரை) படித்துத் தாளில் எழுதினால்தான் தெரியும். சளிக் கூட்டு மாத்திரையில் குளோர்ஃபெனிரமின், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், நாட்டுமருந்துப் பொடி எல்லாம் அடியில் கிடக்கும். டைக்ளோஃபெனாக் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அதற்கு இன்னொரு மாத்திரை சேரும்.

சொல்லுக்கு என் முன்மொழிவு: 'மருந்து முறைக்குறைப்பு'. கடைமடையில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறோம். அந்த முறை. ஒரு நேரத்தில் ஒரே மருந்து, அடுத்ததற்கு அதன் முறை வரும்வரை காத்திருப்பது. இரண்டை ஒரே நேரத்தில் குறைத்தால், தூக்கம் கெட்டது எதனால், ரத்த அழுத்தம் ஏறியது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. முறை என்றால் ஒழுங்கு என்றும் பொருள் வருகிறது. தானாக நிறுத்துவது ஒழுங்கில்லை என்பது சொல்லிலேயே இருக்கும்.

மயிலாடுதுறை:

நல்ல சொல். எனக்கு ஒப்புதல். ஆனால் இடைவெளி எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும். 'மருந்து முறைக்குறைப்பு' என்றால் மருந்தை முறையாகக் குறைத்தல். 'மருந்துமுறைக் குறைப்பு' என்றால் மருந்து உண்ணும் முறைகளைக் குறைத்தல். அச்சகத்தில் ஒரு வெட்டு மாறினால் பொருள் மாறும்.

திருவாரூர்:

அதுதான் என் அச்சமும். 'மூன்று முறை' சாப்பிட்டதை 'இரண்டு முறை'யாக்குவது என்று முதல் பார்வையில் படும். இடைவெளியைக் கண் பார்க்காது. நடுக்கவாதத்துக்கு லெவோடோபா சாப்பிடுகிறவர் தானாக ஒரு வேளையை விட்டால் உடம்பு இறுகிப்போவார். ரத்த அழுத்தத்துக்கான அட்டினலோல், குளோனிடின், பலவாரம் சாப்பிட்ட ப்ரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எதையும் திடீரென நிறுத்தக்கூடாது. இந்தப் பட்டியலுக்கு எதிராகப் பேசும் சொல்லை நான் ஏற்க முடியாது. ஒலிபெயர்த்து 'டீபிரிஸ்கிரைபிங்' என்றே விடுங்கள். மருந்தாளுநர் அனைவரும் சீட்டை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள்.

மன்னார்குடி:

வடவெழுத்தை ஒருவினால் (நீக்கினால்) வடசொல் தமிழாகும் என்று தொல்காப்பிய விதி இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அதை நீட்டலாம். ஆனால் 'டீபிரிஸ்கிரைபிங்'கில் எதை ஒருவுவது? டகரம் மொழிக்கு முதலாகாது, பிரி, ஸ்கி என்று வாயும் கட்டுகிறது. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' (காலம் ஏற்றால் விலக்க வேண்டிய சொல் இல்லை) என்பதைத் துணைக்கு அழைப்பவர்கள், காலம் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டதா என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கவில்லை. பாட்டியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கும்பகோணம்:

பாட்டியிடம் எந்தப் பெயர்ச்சொல்லும் வேண்டாம் ஐயா. 'டாக்டரைப் பார்த்துட்டு ஒண்ணொண்ணாக் குறைப்போம், நீங்களா எதையும் நிறுத்தாதீங்க' போதும். சொல் தேவைப்படுவது ஏட்டின் தலைப்புக்கும், மருத்துவருக்கு நாம் எழுதும் குறிப்புக்கும். அந்தக் குறிப்பு பற்றியும் எழுதுங்கள் அம்மா: மருந்தாளுநர் தானாகச் சீட்டை மாற்ற முடியாது, பார்த்ததை எழுதி அனுப்பலாம். மருந்தின் பெயர், எப்போதிலிருந்து, என்ன கண்டோம், என்ன கேட்கிறோம் என்று நான்கே வரி. ஐந்தாவது வரியில் அறிவுரை வந்தால் மருத்துவர் படிக்க மாட்டார்.

தஞ்சாவூர்:

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். இப்படி முடிக்கிறேன்.

தலைப்பில் 'மருந்து முறைக்குறைப்பு'. முதல் வரவில் பக்கத்திலேயே 'டீபிரிஸ்கிரைபிங்'. திருவாரூர் சொன்ன 'திடீரென நிறுத்தக்கூடாதவை' பட்டியல் தலைப்புக்கு நேர் கீழே கட்டம் கட்டி வருகிறது, வேறு பக்கத்துக்குத் தள்ளவில்லை. அரைக்கால், மாகாணி அளவுப் பக்கத்தில். உழைச்செல்வான் முன்னுரையில். 'மருந்துப் பரிவு' இடம்பெறவில்லை, மன்னிக்கவும் ஐயா.

ஒப்புதல் மூவர், மறுப்பு இருவர். மறுப்பைச் சொற்பட்டியலின் கடைசியில் இரண்டு வரியாகப் பதிவுசெய்கிறேன்.

மன்னார்குடி:

என் மறுப்பு நிற்கட்டும். மாத்திரைக் குறுக்கமே சரியான சொல். அடுத்த பதிப்பில் இன்சுலினுக்குத் தனி வழி காண்கிறேன்.

திருவாரூர்:

என் மறுப்பும் நிற்கிறது. கட்டம் போட்டதற்கு நன்றி அம்மா. அந்தக் கட்டத்தில் எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். 'முறைக்குறைப்பு' வரி முடிவில் உடைந்து 'முறை' மேல் வரியிலும் 'குறைப்பு' கீழ் வரியிலும் போகாதபடி அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.