வேறு நாட்டு நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆதரவு: அறிக்கைக்கு மேல் என்ன செய்யலாம்?

கரைமணல்:
இன்னொரு நாட்டில் நிறவெறிக்கு எதிராகப் போராடுகிறவர்களை ஆதரித்து அறிக்கை விட்டாயிற்று, ஊர்வலமும் போயாயிற்று. 30 பேர் உள்ள குழு இதற்கு மேல் என்ன செய்தால் அவர்களுக்குக் கை கொடுத்ததாக இருக்கும்? புறக்கணிப்பு என்றால் எதை, எவ்வளவு காலம்?

நெய்தல்:
தோழர், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 1959 ஜூன் 26 அன்று லண்டனில் தென்னாப்பிரிக்கப் பொருள் புறக்கணிப்பு தொடங்கும் முன்பே, அந்நாட்டு விடுதலை இயக்கம் அதைக் கேட்டிருந்தது. "கறுப்பினத் தொழிலாளிக்குத்தானே முதல் அடி விழும்?" என்று யார் மடக்கினாலும், அந்த அடியைத் தாங்கத் தயாரானவர்களின் அழைப்பே பதிலாக இருந்தது.

அடுத்து, உங்கள் கை வழியாகப் போகும் பொருள் எது? 1984 ஜூலையில் டப்ளினின் டன்ஸ் கடையில் ஒரு பெண் ஊழியர், தொழிற்சங்க முடிவுப்படி, தென்னாப்பிரிக்க கிரேப்ஃப்ரூட்டுக்குப் பில் போட மறுத்தார். அவரைப் பணியிடை நீக்கம் செய்ததும் சக ஊழியர்கள் வெளியே வந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் ஏறத்தாழ 3 ஆண்டு நீண்டது. 1987இல் தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதிக்கு அயர்லாந்து அரசே தடை போட்டது. அதே 1984 கடைசியில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு கப்பலின் மற்றச் சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, தென்னாப்பிரிக்கச் சரக்கை மட்டும் 11 நாள் தொடாமல் விட்டார்கள். இலக்கு அவ்வளவு குறுகலாக இருந்ததால் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

நூறு பெயர் கொண்ட பட்டியல் போட்டால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒன்றிரண்டு பொருள் போதும். வேலைநிறுத்தம் வரை போவதானால் நிதியை முன்கூட்டியே திரட்டுங்கள். பாதியில் முறிவது பெரும்பாலும் வாடகை கட்ட முடியாமல்தான்.

ஏட்டுச்சுவடி:
நிறுவனம் "இனி விற்க மாட்டோம்" என்றதும் கலைந்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் எந்நேரமும் சுமந்தாக வேண்டிய, அவர்கள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் அடையாள ஆவணமான பாஸ் புத்தகத்தின் படங்களுக்குத் தங்கள் நிறுவனத்தின் கருவி பயன்படுவதை 1970இல் போலராய்டு என்ற அமெரிக்க உடனடிப் புகைப்படக் கருவி நிறுவனத்தின் ஊழியர்களே கண்டுபிடித்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். அரசுக்கு விற்பதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அங்கிருந்த விநியோகஸ்தரோ கமுக்கமாக விற்றுக்கொண்டே இருந்தார். 1977இல் அது அம்பலமான பிறகுதான் போலராய்டு அங்கிருந்து முழுதாக விலகியது. ஆகவே எழுத்தில் கேளுங்கள்: இடைத்தரகர் வழி விற்பனையும் இதில் அடக்கமா? யார் சரிபார்ப்பது? எந்தத் தேதிக்குள்?

குறிஞ்சி:
மேலே சொன்னவற்றோடு இதையும் சேர்க்க வேண்டும். 1981இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்து வந்தபோது, ஹாமில்டனில் போராட்டக்காரர்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தவைத்தார்கள். அப்போது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கேட்டார்கள்: தூரத்து நிறவெறிக்காகத் தெருவில் நிற்கிறீர்களே, எங்கள் நிலம் பறிபோனதற்கு எப்போது நிற்பீர்கள்? அதே கேள்வியை உங்கள் முதல் கூட்டத்திலேயே எடுங்கள், பக்கத்தில் ஒதுக்கப்பட்டிருப்பவர்களை அழைத்து உட்காரவைத்து.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது போராடும் முறையை. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் இனப் பாகுபாட்டுக்கு எதிராக நடத்திய பேருந்துப் புறக்கணிப்பைப் பார்த்து, கறுப்பின, ஆசிய ஊழியர்களைப் பேருந்தில் வேலைக்கு எடுக்காத உள்ளூர் நிறுவனத்தை 1963 ஏப்ரல் கடைசியிலிருந்து புறக்கணித்தார்கள். ஆகஸ்ட் 28இல் அந்தத் தடை விலகியது.

கரைமணல்:
நன்றி தோழர்களே. அங்கிருந்து வரும் படங்களையும் செய்திகளையும் பகிரலாமா?

வாகை:
முகம் தெரியும் படத்தை அவர்கள் சம்மதமின்றிப் போடாதீர்கள். காவல்துறை ஆள் பிடிப்பதே அதை வைத்துத்தான். மங்கலாக்குவதைவிட முகத்தை முழுக்க மறைப்பது பத்திரம். அசல் கோப்பில் இடமும் நேரமும் பதிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். கோரிக்கைகளை மொழிபெயர்த்தால் வெளியிடும் முன் அவர்களிடம் காட்டுங்கள். "சீர்திருத்து" என்பதும் "கலைத்துவிடு" என்பதும் ஒன்றல்ல. பணம் அனுப்புவதானால் தனிநபர் கணக்குக்கு வேண்டாம், இயக்கமே அறிவித்த ஜாமீன் நிதிக்கு அனுப்புங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கினால் அங்கே வழக்கு வருமா என்பதையும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.