கூலு பக்கம் காப்பகத்துக்கு ஒன்பது பேர்: வண்டி, மருந்து, சாமான்?

கேள்வி | புதுப்பயணி
ஆகஸ்டில் வட உகாண்டா போகிறோம், ஒன்பது பேர். கூலுவிலிருந்து மண் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பத்து நாள். மழைநீர்த் தொட்டி வைத்துக் கொடுக்கிறோம். மீதி நேரம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகத் திட்டம். என்டெபி விமான நிலையத்தில் இறங்கி ஒரே மூச்சாகப் போய்விடலாமா? துணி, மருந்து எவ்வளவு கொண்டுபோகலாம்?

பதில் | செம்மண்
ஒரே மூச்சு வேண்டாம். தலைநகர் கம்பாலாவிலிருந்து கூலுவுக்கு 330 கிலோமீட்டர் போல வரும். தார் ரோடுதான், ஆனால் கம்பாலா நெரிசலை நம்பி நேரம் கணக்குப் போட முடியாது. இருட்டிவிட்டால் விளக்கில்லாத லாரி, ரோட்டில் படுத்த மாடு. என்டெபியில் தங்கிவிட்டு விடிகாலையில் கிளம்புங்கள், அன்றிரவு கூலுவில் தங்கல்.

பதினாலு சீட் ஹையேஸ் வேன் போதும். சாமான் பின்சீட்டில், மேலே கேரியரில் கனம் வேண்டாம். மண் ரோடு நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்கும். மழையில் மேல்மண் சோப்பு மாதிரி வழுக்கி வண்டியை ஓரப்பள்ளத்துக்கு இழுக்கும், மேலே கனம் இருந்தால் கவிழ்த்தும் விடும். அங்கே ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை, அதிலும் பிற்பகலில்தான் அதிகம். கடைசித் தூரத்துக்குக் கூலுவிலேயே ஃபோர் வீல் வண்டி பிடித்து மதியத்துக்குள் போய்ச் சேருங்கள்.

துணி வேண்டாம். பழைய துணி அங்குள்ள சந்தைகளில் குவிந்து கிடக்கிறது.

பதில் | மருந்துப்பெட்டி
மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், மாட்டிக்கொள்வது அதனால்தான்.

நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு பாக்கி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். காப்பகத்திடம் பட்டியல் வாங்கி, உகாண்டா மருந்து ஆணையத்தின் அனுமதியை அவர்கள் மூலமே கேளுங்கள்.

குடிநீருக்கு 20 லிட்டர் ஜெர்ரிகேனுக்கு 67 மி.கி. குளோரின் மாத்திரை ஒன்று. அரைமணி நேரம் விடுங்கள். கலங்கல் தண்ணீரென்றால் முதலில் துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

பதில் | கூரைத்தண்ணீர்
தொட்டியைக் கூலுவிலேயே வாங்குங்கள். 5,000 லிட்டர் நிரம்பினால் ஐந்து டன். திமிசு போட்டு இறுக்காத மண்ணில் வைத்தால் ஒரு பக்கம் அமிழ்ந்து குழாய் இணைப்பு பிய்ந்துவிடும். கான்கிரீட் மேடை போட்டு ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் பத்து நாளில் அதற்கே நேரம் போய்விடும், அதனால் மேடையை உள்ளூர்க் கொத்தனாரை வைத்து முன்னாலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் சேதாரம் போக ஏறத்தாழ 1,000 லிட்டர் வரும். முதல் தண்ணீரில் பறவை எச்சம் எல்லாம் வரும். அதை வெளியே தள்ளத் தனிக் குழாய் வையுங்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பத்து நாள் மடியில் வைத்திருந்தவர் காணாமல் போவதும், அடுத்த குழு வந்து தூக்குவதும் அந்த வயதில் கெடுதல். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆள் வரத்துக்காகவே பிள்ளை சேர்க்கிற இடங்களும் உண்டு. காப்பகத்துக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் அனுப்புமுன் கேளுங்கள். காட்டத் தயங்கினால் டிக்கெட் போடாதீர்கள்.