தமிழும் ஆங்கிலமுமாக மாண்டிசோரி: உங்கள் வீட்டில் மறக்க முடியாத ஒரு நாள்

நித்யகல்யாணி

மகளுக்கு நாலரை வயது. வகுப்பில் ஒரு ஆசிரியர் அக்கா தமிழில் மட்டும் பேசுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் மட்டும் என்று சொல்லித்தான் மாண்டிசோரி பள்ளியில் சேர்த்தார்கள். பொன்மணி வேலை, அதாவது ஒற்றை மணி, பத்து மணிக் கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று கையில் எடுத்து எண் பழகுவது, இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று வகுப்பின் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க என்னை அனுமதித்தார்கள். தமிழ் அக்கா பாயில் அமர்ந்து, தட்டைக் கொடுத்து, "தொள்ளாயிரம் கொண்டு வா" என்றார். இவள் அலமாரிக்குப் போய் ஆயிரத்தின் பெரிய கனசதுரத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் முழுக்கப் பெருமை. அக்கா தப்பு என்று சொல்லவில்லை. "எண்ணிப் பார்ப்போமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து தகவல் வந்தது: எண்கள் இனி ஆங்கிலத்தில் மட்டும், தமிழ் எண்கள் பிள்ளைகளைக் குழப்புகின்றன. இப்போது தமிழுக்கு மிஞ்சியது பாட்டும் கதையும்தான். ஆறு மாதமாக இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருப்பதைக் கேட்டுத்தானே அவள் அதை எடுத்து வந்தாள்? கூர்ந்து கேட்ட பிள்ளைக்கா குழப்பம்?

உப்புத்தாள்

14 வருடமாக மூன்று முதல் ஆறு வயது வகுப்பில் இருக்கிறேன். இந்தத் தொள்ளாயிரம் வருடா வருடம் நடக்கும். தமிழில் ஒன்பது பத்தோடு ஒட்டிக்கொள்ளும், தொண்ணூறு நூறோடு, தொள்ளாயிரம் ஆயிரத்தோடு. அதனால் நாங்கள் முதலில் எண்ணூறு வரைதான் கேட்போம். எண்ணூறு கையில் இருக்கும்போது இன்னொரு நூறு சதுரத்தை வைத்து, "இதற்குப் பெயர் தொள்ளாயிரம்" என்போம். அவ்வளவுதான், இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள். பதினொன்று முதலான எண்களை அடுக்கிப் பழகும் செகன் பலகையில் இது அப்படியே தலைகீழ். பத்தும் ஒன்றும் பதினொன்று என்று தமிழில் காதுக்கே கேட்கிறது. லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே இருக்கிறது? அதற்காக யாரும் ஆங்கிலத்தை நிறுத்துவதில்லையே!

என்னை விடாமல் துரத்துவது வேறு ஒரு சம்பவம். ஐந்து வயதுப் பையன். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைத் தடவித் தடவி முடித்து, தனித்தனி எழுத்துகளை அடுக்கிச் சொல் செய்யும் எழுத்துப் பெட்டிக்கு வந்துவிட்டான். ஆங்கிலப் பெட்டியைப் பார்த்து நாங்களே தமிழுக்கு ஒன்று வெட்டி வைத்திருந்தோம். கொம்பு, கால், கொக்கி எல்லாம் தனித்தனித் துண்டு. கொக்கு என்று அடுக்க நினைத்தான். க-வை வைத்தான், அப்புறம் ஒ-வைத் தேடிப் பக்கத்தில் வைத்தான். நான் ஒ-வை எடுத்துவிட்டு, இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் வைத்தேன். அவன் கொம்பை மெதுவாக எடுத்து என் கையில் கொடுத்து, "வாய் முதல்ல க் தானே சொல்லுது? இது ஏன் முன்னாடி வந்து நிக்குது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதன்பின் பல வாரங்கள் அவன் தமிழ்ப் பெட்டியைத் தொடவில்லை. ஆங்கிலப் பெட்டியை விரித்து கேட், பேட் என்று அடுக்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பிள்ளையை நான்தான் ஆங்கிலத்தின் பக்கம் தள்ளினேன். ஒலி வரும் வரிசையிலேயே எழுத்தும் வரும் மொழிக்குச் செய்த பெட்டி அது. இப்போது க, கா, கி, கீ என்று உயிர்மெய்யை முழு எழுத்தாகவே வெட்டி, வரிசைக்கு ஒரு அறையாக வைத்திருக்கிறோம். பெட்டி பெரிதாகிவிட்டது. பரவாயில்லை, பிள்ளைகள் அதைத் தேடி வருகிறார்கள்.

இரட்டையர் அப்பா

நித்யகல்யாணி, கோபித்துக்கொள்ளாதீர்கள், தமிழை வீட்டில் பேசினால் போதும். எங்கள் அனுபவம் வேறு. முதலில் சேர்த்த இடத்தில் வாசலில் பெரிய மாண்டிசோரி பலகை. பெரிதிலிருந்து சிறிதாகப் பிள்ளைகள் அடுக்க வேண்டிய இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கட்டைகளும் கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுப் போட்டு. "அதைத் தொடக் கூடாதுப்பா, யாராவது வந்தா காட்டுறதுக்கு" என்று மகன் சொன்னான். மறுநாளே இருவரையும் நிறுத்திவிட்டேன்.

அதனால் பள்ளி தேடுபவர்களுக்குச் சொல்கிறேன். மாண்டிசோரி என்ற பெயருக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1929-ல் தொடங்கிய சர்வதேச சங்கம் பயிற்சியும் பட்டயமும் தருகிறது, ஆனால் தெருவில் ஒருவர் பலகை மாட்டுவதைத் தடுக்க முடியாது. ஆகவே மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். காலையில் இடையில் மணி அடிக்காமல் மூன்று மணி நேரம் வேலை நடக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பொருள் ஒரு செட்தான் இருக்க வேண்டும், அடுத்த பிள்ளை காத்திருக்கப் பழகுவது அதில்தான். ஆறு வயதுக்குப் பிறகு என்ன என்பதைச் சேர்க்கும் அன்றே கேளுங்கள், பல இடங்கள் அங்கேயே முடிந்துவிடும். பன்னிரண்டுக்கு மேல் நடத்தும் இடம் மிக மிகக் குறைவு. வீட்டில் வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்காதீர்கள். உயரம் குறைந்த அலமாரி ஒன்று வாங்கிப் போடுங்கள். காய் நறுக்கக் கொடுங்கள், தண்ணீரைத் தானே ஊற்றிக் குடிக்கட்டும். தமிழைப் பற்றிக் கவலையே வேண்டாம், தமிழ்நாட்டின் 2006 தமிழ் கற்றல் சட்டப்படி பள்ளியில் தமிழ்ப் பாடம் எப்படியும் வந்துவிடும்.

நித்யகல்யாணி

நன்றிங்க. ஆனால் நான் பள்ளி தேடவில்லை. வீட்டில் தமிழ் மட்டும்தான் பேசுகிறோம். நேற்று இட்லித் தட்டில் குழியை எண்ணச் சொன்னேன், ஒன், டூ, த்ரீ என்றுதான் ஆரம்பித்தாள்.

பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்தில் மூன்று வயதுப் பிள்ளை போகும் எந்த இடத்தையும் மொண்டிசோரி என்றுதான் சொல்வோம், அதனால் நான் பெயரை வைத்துச் சண்டை பிடிக்க வரவில்லை. கொழும்பில் ஒரு வருஷம் உதவி ரீச்சராக இருந்தேன். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே மேசை. தண்ணீர் ஊற்றும் வேலையில் ஒருத்தியின் கூசா சரிந்து மேசை எல்லாம் ஈரம். மற்றவள் ஒன்றும் பேசாமல் போய்ப் பஞ்சு எடுத்து வந்தாள். இரண்டு பேரும் துடைத்து, வாளியில் பிழிந்து முடித்த பிறகு ஒருத்தி "தண்ணி" என்றாள், மற்றவள் "வத்துர" என்றாள். அன்று முழுக்க அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கையில் ஈரம் இருக்கும்போது வந்த சொல் அது. பாட்டிலே மட்டும் தமிழ் இருந்தால் போதாது என்று நித்யகல்யாணி அக்கா சொல்வது எனக்கு விளங்குகிறது.

கடலோரம்

இரட்டையர் அப்பா அவர்களுக்கு: தமிழ் வீட்டுக்கு, ஆங்கிலம் வகுப்புக்கு என்று பிரித்தால், வகுப்பில் உள்ள உலகம் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

1939 நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். என் பாட்டி அந்த முதல் பயிற்சியில் இருந்தவர். ஓலைக் கொட்டகையில் வகுப்பு. அம்மையார் இத்தாலியனில் பேசுவார், மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். பாட்டியின் நோட்டு என்னிடம் இருக்கிறது. நடுவில் ஆங்கிலம், ஓரத்தில் பென்சிலால் தமிழ். உருளை அடுக்கும் கட்டையைப் படம் வரைந்து, பக்கத்தில் "குமிழைப் பிடிக்க மூன்று விரல், பின்னால் எழுதுகோலுக்கும் இதே விரல்" என்று எழுதியிருக்கிறார். அடுத்து ஒரு வரியை அடித்துத் திருத்தி, மறுபடி அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார். ஒரு தமிழ்ச் சொல்லுக்காக மூன்று முறை! போர் வந்து அம்மையார் இங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலில் இருந்து, 1946-ல்தான் ஊர் திரும்பினார். அத்தனை வருடம் இந்த மண்ணில் நடந்த வேலையை நம் மொழியில் செய்ய முடியாது என்று ஒரு பள்ளி சொன்னால் எனக்கு வலிக்கிறது.

கீரைப்பாத்தி

என் மகள் மூன்று வயது முதல் பதினான்கு வரை ஒரே மாண்டிசோரி பள்ளியில் படித்தாள். பன்னிரண்டுக்கு மேல் பிள்ளைகளுக்கு நிலம் வேண்டும் என்று அம்மையார் சொன்னதை அப்படியே செய்த இடம். ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர். கீரை போட்டு, ஞாயிற்றுக்கிழமை விற்று, கணக்கு எழுதினார்கள். வாங்க வருகிறவர்கள் தமிழ், நிலத்தில் கூட வேலை செய்த தாத்தா தமிழ், அதனால் கணக்கும் தமிழில். பாத்தி, வரப்பு, மடை எல்லாம் அவளுக்கு வாயில் புழங்கும் சொற்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக வேறு பள்ளிக்கு மாற்றினோம். முதல் நாள் நாற்பது நிமிடத்தில் மணி அடித்திருக்கிறது. இவள் பாதிக் கணக்கில் இருந்ததால் எழுந்திருக்கவில்லை. திமிர் என்று நினைத்து வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அதைக்கூட ஒரு வாரத்தில் மறந்துவிட்டாள். மறக்காதது தமிழ்த் தேர்வுத்தாள். நீர் மேலாண்மை பற்றிய கேள்விக்கு, மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்கே ஒரே கோடு. புத்தகத்தில் உள்ளபடி எழுதவும் என்று குறிப்பு. தாளை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, என் தமிழ் தப்பா?" என்று கேட்டாள்.

இன்றைக்கு அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், தேர்வும் எழுதிவிட்டாள். அந்தத் தாளை மட்டும் நான் பீரோவில் வைத்திருக்கிறேன்.

உப்புத்தாள்

அந்த ஒரு பக்கத்தை எங்கள் வகுப்பு அக்காக்களுக்குப் படித்துக் காட்ட ஆசையாக இருக்கிறது. மகள் சம்மதித்தால் அனுப்புங்கள்.

நித்யகல்யாணி

திங்கட்கிழமை பள்ளியில் பேச நேரம் வாங்கியிருக்கிறேன். உப்புத்தாள் அக்கா, எண்ணூறு வரை முதலில் கொடுப்பது பற்றி நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் கொண்டு போகலாமா?

உப்புத்தாள்

தாராளமாக. செகன் பலகை பற்றியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தத் தமிழ் அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். "எண்ணிப் பார்ப்போமா?" என்று கேட்டவர் அவர்தானே.