புதுப்பிப்பு: பி.ஆர்க் முடித்துவிட்டு 3டி ரெண்டரிங் பக்கம் போனேன், வேலை கிடைத்தது

பி.ஆர்க் (கட்டிடக்கலை) முடித்தாச்சு, கட்டுமான சைட் வேலையில் மனசு ஒட்டவில்லை, 3டி விஷுவலைசேஷனுக்கு (கட்டிடத்தை கம்ப்யூட்டரில் நிஜம் போலப் படமாக்கும் வேலை, அந்தப் படம்தான் ரெண்டர்) எப்படிப் போவது என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கோவையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் சேர்ந்து 3 வாரம் ஆகிறது.

கைகொடுத்தது, "போர்ட்ஃபோலியோவில் இருக்கும் 20 படத்தையும் தூக்கிப் போடு, 3 போதும், அதில் ஒன்று நிஜ இடத்தின் போட்டோவைப் பார்த்து அப்படியே செய்ததாக இருக்கட்டும்" என்ற யோசனைதான். காரைக்குடி பக்கம் தாத்தா வீட்டு முற்றத்தை எடுத்துக்கொண்டேன். முதலில் பொம்மை வீடு மாதிரி வந்தது. லைட்டிங்தான் கோளாறு என்று ஒரு வாரம் அதையே நோண்டினேன். உண்மையில் திண்ணை விளிம்பெல்லாம் கத்தி போல இருந்தது. 3டிஎஸ் மேக்ஸில் (மாடல் செய்யும் சாஃப்ட்வேர்) 3 மி.மீ. சேம்ஃபர் கொடுத்து விளிம்பை லேசாகச் சீவியதும் விளிம்பில் வெளிச்சம் பிடித்தது. ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ டிசைனை டீநாய்சர் (ரெண்டரில் வரும் புள்ளிகளை நீக்கும் வசதி) மெழுகிவிட்டது. அதைக் குறைத்து, புள்ளிகள் தானாகக் குறையும்படி ரெண்டரை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன்.

ரெண்டர் செய்யும் கொரோனா சாஃப்ட்வேர் ஓடுவது பிராசசரில்தான், கிராபிக்ஸ் கார்டில் காசைக் கொட்டாதே என்றவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது ஒன்று: இன்டர்வியூவில் ரெண்டரே கேட்கவில்லை. ஆட்டோகேட் வரைபட ஃபைல் ஒன்றைக் கொடுத்து 3டி மாடல் செய்யச் சொன்னார்கள். மேலிருந்து பார்க்கும் பிளானைவிட, கட்டிடத்தை நெடுக வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் படிக்கட்டில் ஒரு படி குறைவு. அதைச் சொன்ன பிறகுதான் சம்பளப் பேச்சே வந்தது (சைட்டில் வாங்கியதைவிடக் கொஞ்சம் கம்மிதான்).