நாக் சென்சார் போல்ட்: டார்க் ரெஞ்ச் நுழையாத இடத்தில் எப்படி இறுக்குவது?

கோத்தகிரி_டிரைவர்:
பெட்ரோல் வண்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் அரவேணு வருவதற்குள் செக் லைட் எரிகிறது, இழுவை செத்துப்போகிறது. ஸ்கேன் செய்தால் நாக் சென்சார் எரர் கோட் காட்டுகிறது. போன மாதம்தான் ஒரு பட்டறையில் புதுசு போட்டார்கள். நேற்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சென்சாருக்கு அடியில் ஒரு வாஷர் தெரிகிறது. நானே கழற்றி மாட்டலாம் என்று இருக்கிறேன், ஆனால் அது இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கிறது, ஒரு கைதான் போகும். மேனுவலில் இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர், ஆனால் அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் உள்ளே நுழையாது. குத்துமதிப்பாக இறுக்கினால் போதுமா அண்ணா?

குன்னூர்_மெக்கானிக்:
முதலில் அந்த வாஷரை எடுங்கள் தம்பி. நாக் சென்சார் என்பது, பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவதை (நாக்) பிளாக்கின் அதிர்வில் கேட்கிற காது மாதிரி. உள்ளே இருக்கும், அதிர்வை மின் சிக்னலாக்கும் பீசோ வில்லைக்கு அதிர்வு முழுசாகப் போக வேண்டும் என்றால் சென்சார் பிளாக்கில் நேராக, துரு அழுக்கு இல்லாமல் உட்கார வேண்டும். வாஷர், கிரீஸ், திரெட் லாக் (மரையில் தடவும் பசை) எதுவும் வேண்டாம். லூசாக இருந்தாலும் தப்பு, ஓவராக இறுக்கினாலும் தப்பு, இரண்டிலும் சிக்னல் மாறும். சிக்னல் சரியில்லை என்றால் இன்ஜினைக் காப்பாற்ற ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், ஏற்றத்தில் இழுவை போவது அதனால்தான்.

ஊட்டி_ஜீப்:
இவ்வளவு கணக்குத் தேவையா? ராட்செட் தலையை உள்ளங்கையில் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்குவேன், இதுவரை ஒரு மரைகூடப் போனதில்லை.

குன்னூர்_மெக்கானிக்:
கிராங்க் சென்சாரின் 10-ம் நம்பர் போல்டுக்கு அது சரி அண்ணா, அதற்கு 8, 10 நியூட்டன் மீட்டர்தான் வரும், அங்கே போல்ட் சென்சாரைப் பிடித்து வைத்தால் போதும். நாக் சென்சாருக்கு அந்த இறுக்கமே அளவின் ஒரு பகுதி.

தம்பி, குரோஃபுட் ஸ்பேனர் (டார்க் ரெஞ்ச் நுனியில் மாட்டுகிற, கைப்பிடி இல்லாத ஸ்பேனர் தலை) கிடைத்தால் டார்க் ரெஞ்சுக்குக் குறுக்காக, 90 டிகிரியில் மாட்டுங்கள். அப்போது 20 வைத்தால் 20தான். நேராக நீட்டி மாட்டினால் கணக்கு மாறும்: ரெஞ்ச் 25 சென்டிமீட்டர், குரோஃபுட் 4 என்றால் 17-ல் வைக்க வேண்டும். அதுவும் நுழையவில்லையா, அதே சைஸ் போல்டை வைஸில் வைத்து டார்க் ரெஞ்சால் 20-க்கு இறுக்குங்கள், அப்புறம் உள்ளே போகிற அந்தக் குட்டை ரிங் ஸ்பேனரால் அதைத் தொட்டுத் தொட்டு, எவ்வளவு அழுத்தம் என்று பாருங்கள். பத்து தடவை செய்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். போல்டை முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் மரை 'டக்' என்று விழும், அதன்பிறகு விரலாலேயே நாலு சுற்று உள்ளே விடுங்கள். சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு பேப்பர் வைத்து போல்டைச் செருகினால் கீழே விழாது. விடியற்காலைப் பனியில் மட்டும் உட்காராதீர்கள், விரல் மரத்துவிட்டால் மரை ஏறியதா இல்லையா என்றே தெரியாது.

கோத்தகிரி_டிரைவர்:
நேற்று மதியம் வெயிலில் முடித்தேன் அண்ணா. வாஷர் இருந்த இடத்தில் வட்டமாகத் துரு, தேய்த்து எடுத்தேன். குரோஃபுட் கிடைக்கவில்லை, வைஸ் வழிதான். இன்று காலை மேட்டுப்பாளையம் போய் லோடோடு திரும்பினேன், லைட் எரியவில்லை, அரவேணு வளைவுகளில் மூன்றாவது கியர் தாங்கியது.